அவசரம் லேது

யாராவது என்னிடம் "அவசரம் ஒண்ணும் இல்ல" என்று சொன்னால் இன்றைக்கும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். காபி சூடாக இருக்கிறது, மெதுவாகக் குடிங்க, அவசரம் இல்லை என்பார்கள். நான் டம்ளரை டொக்கென்று வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். என் மருமகள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக்கொண்டாள். வேறு எந்த வார்த்தை வேண்டுமானாலும் சொல்வாள், இதை மட்டும் சொல்லமாட்டாள்.

அந்த வார்த்தை எனக்கு என்ன செய்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆறப்போட்டுச் சொல்ல எனக்குத் தெரியாது. சூடாகத்தான் வரும்.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்தபோது சித்தூர் ஜில்லா மொத்தமும் அந்தப் பக்கம் போனது. ராத்திரி மதராஸ் மாகாணத்தில் படுத்தவர்கள் விடிந்ததும் ஆந்திராவில் எழுந்தோம். பாயைக்கூட மாற்றிப் போடவில்லை. அப்புறம் எல்லையைத் திருத்தப் போகிறார்கள், கமிஷன் வரப்போகிறது, தமிழ் பேசுகிற ஊர்களைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள் என்று வருஷக் கணக்கில் பேச்சு ஓடியது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பஸ் கண்டக்டருக்கும் தெரியாது, தாசில்தாருக்கும் தெரியாது. எல்லாம் சீக்கிரம் முடிவாகிவிடும் என்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் ஊரில் சீக்கிரம் என்றால் என்ன அர்த்தமோ, அந்த ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

தெற்கே எங்கள் தெரு, தெருக்கோடியில் எங்கள் கோயில். ஓட்டுக் கூரை, ஒரு மணி, சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு சிலுவை. கிறிஸ்தவர்கள் நாங்கள் கொஞ்சம் பேர்தான். பாதி வீட்டில் தமிழ், பாதி வீட்டில் தெலுங்கு. ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஒரே ராகத்தில் போகும். இந்தப் பக்கம் தமிழ் வார்த்தை, அந்தப் பக்கம் தெலுங்கு வார்த்தை. வெளியூர்க்காரன் வாசலில் நின்று கேட்டால் உள்ளே ஏதோ தகராறு என்று நினைப்பான். எங்களுக்கு அது பழக்கம். ஆமென் வரும்போது இரண்டு கூட்டமும் எப்படியோ ஒன்றாக வந்து சேர்ந்துவிடும்.

மற்ற நாட்களில் அதே கோயில்தான் பள்ளிக்கூடம். நடுவில் ஒரு மூங்கில் தட்டி. பீடத்துப் பக்கம் தமிழ் வகுப்பு, வாசல் பக்கம் தெலுங்கு வகுப்பு. தமிழ் வகுப்புக்கு நான்தான் டீச்சர். டிரெயினிங் முடித்து வந்த புதிது, கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அப்பா, நைனா என்போம், இளைப்பு நோயோடு படுத்திருந்தார், என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் பின்னால் அந்த வகுப்புக்காக நான் குதித்தது சம்பளத்துக்காக மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த வகுப்பு போனால் எங்கள் தெருப் பிள்ளைகள் வீட்டில் பேசுகிற பேச்சில் ஓர் எழுத்துகூடப் படிக்காமல் வளர்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வேதப்புத்தகத்தைக் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பார்கள். மற்றவர்களுக்கு இது ஒரு வகுப்பு. எங்களுக்கு, கும்பிடுகிற கடவுளோடு சொந்தமாகப் பேச இருந்த ஒரே வழி.

அந்த வகுப்பை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு அந்த வருஷம் தை பிறந்ததும் கிளம்பியது. பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். சில வீடுகள் முன்ஜாக்கிரதையாகத் திருத்தணிப் பக்கம் குடிபோயின. சிலர் பிள்ளைகளைத் தட்டிக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். நாளைக்கு உத்தியோகம் தெலுங்கில்தானே என்றார்கள். போகிறவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் பலகையைத் தூக்கிக்கொண்டு தட்டியைச் சுற்றிப் போகும்போது எனக்கு வயிறு எரிந்தது.

கோயிலில் வேறு கூத்து. ஜெப வேளையில் யார் வேண்டுமானாலும் வாய்விட்டு ஜெபிக்கலாம் என்பது எங்கள் சபை வழக்கம். தமிழ் வரிசையில் ஒருவர் எழுந்து, ஆண்டவரே எங்கள் ஊரை மதராசோடு சேர்த்தருளும் என்பார். அவர் உட்கார்வதற்குள் தெலுங்கு வரிசையில் ஒருவர் எழுந்து, ஆண்டவரே எங்களை ஆந்திராவிலேயே வைத்தருளும் என்பார். தெலுங்கு வரிசையில் முதல் குரல் எப்போதும் பால்காரம்மாவுடையது. புருஷனை இழந்தவள், இரண்டு எருமை, இரண்டு பெண்பிள்ளைகள். எங்கள் வீட்டுக்கும் அவள்தான் பால் ஊற்றுவாள். காலையில் என் நைனாவுக்குப் பால் ஊற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என் வயிற்றில் அடிக்கிறாளே என்று எனக்கு ஆத்திரம். அவள் ஜெபத்துக்கு நான் ஆமென் சொல்வதை நிறுத்தினேன். பிறகு அவளோடு பேசுவதையும் நிறுத்தினேன். பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். அப்போது இருந்த ஐயர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். தெலுங்கு என்றால் அவருக்கு ரா, போ, லேது, உந்தி, அவ்வளவுதான். இரண்டு வரிசையும் எதிரும் புதிருமாக ஜெபித்து முடித்ததும் இவர் எழுந்து, ஆண்டவரே உமது சித்தம் என்று ஒரே போடாகப் போட்டு முடித்துவிடுவார். எனக்கு எரிச்சலாக வரும். தெலுங்கர்கள் எங்களை அரவவாள்ளு என்பார்கள். அரவம் என்றால் அவர்களுக்குத் தமிழ், நமக்குப் பாம்பு, சத்தம் என்றும் சொல்லலாம். இரண்டும் உனக்குப் பொருத்தம்தான் என்று ஐயர் ஒருநாள் என்னைக் கேலி செய்தார். நான் சிரிக்கவில்லை.

மாசி கடைசியில் அவரே சித்தூருக்குப் போனார். அங்கே பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொள்கிற ஆபீசில் போய் எங்கள் வகுப்புக்காகப் பேசுவதாக ஏற்பாடு. நான் கூட வருகிறேன் என்றேன். பெண்பிள்ளை ஆபீசு ஆபீசாக அலைய வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சாயங்காலம் பஸ் இறங்கி நேரே கோயிலுக்கு வந்து, நேரம் காலம் இல்லாமல் மணியை அடித்தார். தெருவே ஓடி வந்தது. வெயிலில் கறுத்த முகம், அதில் பல் மட்டும் தெரிந்தது.

"பெரிய ஆபீசர்கிட்டயே கேட்டுட்டேன். தமிழ் வகுப்பை என்ன செய்யப் போறீயன்னு. அவசரம் இல்லன்னு சொல்லிட்டாரு. அவர் வாயாலயே சொன்னாரு."

அப்பாடா என்று ஒரு பெருமூச்சு எழுந்தது. மூடுவதற்கு அவசரம் இல்லையாம். எல்லைத் தகராறு தீரட்டும், அதுவரை இருப்பது இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்களாம். இப்படித்தான் ஆளுக்கொரு கை போட்டுக் கதையைக் கட்டி முடித்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திர ஆராதனை. வெல்லப் பொங்கல் வைத்தோம். நான் முழங்காலில் நின்று அழுதேன். அதுவரை எனக்குக் கடவுள் என்றால் நைனா சொன்ன கடவுள், ஐயர் சொன்ன கடவுள். அன்றைக்குத்தான் நான் கூப்பிட்ட குரலுக்கு ஓர் ஆள் திரும்பிப் பார்த்தது போல இருந்தது. கோடை முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி அ ஆ இ ஈ எழுதி, ஓரத்தில் படம் வரைந்தேன். நைனா கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பாடிக்கினு வேலை செய்யறத பாத்து எத்தினி நாளாச்சு" என்றார்.

பள்ளிக்கூடம் திறந்தது. தெலுங்கு வகுப்புக்குப் புதுக் கரும்பலகை வந்தது, சாக்பீஸ் வந்தது, சுவரில் மாட்டுகிற படம் வந்தது. தமிழ் வகுப்புக்கு ஒன்றும் வரவில்லை. சாமான் இறக்க வந்த பியூன் என்னைப் பார்த்து, பந்துலம்மா, அதாவது டீச்சரம்மா, நீங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறீர்களா என்று கேட்டான். இன்ஸ்பெக்டர் ஒருமுறை நேரில் வந்து பார்த்துக் கணக்கை முடித்துவிட்டுப் போவார் என்றான். இடக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். அப்படியே நடந்து ஐயர் வீட்டுக்குப் போனேன். அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சித்தூரில் ஆபீசர் சொன்னது என்ன வார்த்தை, மாற்றாமல் சொல்லுங்கள் என்றேன்.

அவர் யோசித்துச் சொன்னார். ஆபீசர் இவரோடு நேராகப் பேசவில்லை. கிளார்க் இவர் வந்த விஷயத்தைத் தெலுங்கில் எடுத்துச் சொன்னாராம். ஆபீசர் தலை நிமிராமல் இரண்டு வார்த்தை சொன்னாராம்.

"அவசரம் லேதுன்னாரு. லேதுன்னா இல்லைதானம்மா?"

அந்தப் பாவி மனிதருக்கு நான் எப்படிச் சொல்வேன்? எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். தமிழில் அவசரம் என்றால் வேகம். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அவசரம் லேது என்றால் தேவை இல்லை. மூடுவதற்கு அவசரமில்லை என்று அந்த ஆபீசர் சொல்லவில்லை. தமிழ் வகுப்பே தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு இவர் கும்பிடு போட்டு, பஸ் ஏறி வந்து, மணி அடித்திருக்கிறார். நாங்கள் பொங்கல் வைத்து, எங்களுக்குக் குழி வெட்டியவனுக்காக ஸ்தோத்திரம் பாடியிருக்கிறோம். ஐயர் அதைத் தமிழிலேயே சொன்னதால் எங்கள் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த ஆபீசரிடம் இங்கிலீஷில் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்குமே. கோடை முழுதும் இருந்ததே, ஓடியாடி ஏதாவது செய்திருக்கலாமே.

நான் என்ன பேசினேன் என்று முழுதும் எழுத மாட்டேன். குருவானவர் என்றும் பார்க்கவில்லை. உம்மை நம்பினோம், உம் கடவுளை நம்பினோம், இரண்டு பேருக்கும் காது சரியில்லை என்றேன். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. கீரைக்காம்பு அவர் கையிலேயே இருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் வெளுக்கட்டும் என்றுதான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அவரே எழுந்து நின்று சொன்னார். நான் தப்பாகக் கேட்டேன், தப்பாகச் சொன்னேன், என்னால் உங்களுக்கு நேரம் போயிற்று என்றார். சபை சலசலத்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் கொஞ்சம் தணிந்திருப்பேன். "ஆனா சொன்ன ஸ்தோத்திரத்தை நான் திருப்பி வாங்க மாட்டேன். அது முன்பணம்னு வெச்சுக்கிடுதேன்" என்றார். எனக்கு வந்ததே ஒரு கோபம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிவிட்டு, அதற்குப் பேர் விசுவாசமா? பாதி ஆராதனையில் எழுந்து வெளியே வந்தேன். என் செருப்புச் சத்தம் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று தேய்த்துத் தேய்த்து நடந்தேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. அதே கோயிலில் திங்கட்கிழமை பாடம் மட்டும் நடத்தினேன். பீடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். வீட்டில் நைனா சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கும்போது நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். "சோறு துன்னும்போதாவது கடவுளோட சண்ட போடாதம்மா" என்பார். சண்டையாவது போடுகிறேனே, மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லையே என்பேன். பால்காரம்மா காலையில் பால் ஊற்றிவிட்டு, என்னமோ சொல்ல வந்தவள் போலக் கொஞ்ச நேரம் நிற்பாள். நான் உள்ளே பாத்திரம் உருட்டுவேன்.

இன்ஸ்பெக்டர் திருப்பதியில் முகாம் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். யாரிடமும் சொல்லாமல் புத்தூர் போய் பஸ் ஏறினேன். இந்தத் தடவை நானே கேட்பேன், எனக்கு இரண்டு பாஷையும் தெரியும் என்ற திமிர். போய்ச் சேர்ந்தால் அவர் காளஹஸ்திக்குப் போய்விட்டாராம். எப்போது வருவார் என்றால் தெரியாது. காத்திருக்கவா என்றால் உங்கள் இஷ்டம். பெஞ்சுகூட இல்லை, சுவரோரம் நின்றேன். மத்தியானம் ஆபீசைப் பூட்டிக்கொண்டு அவர்களும் போய்விட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். தலைக்கு மேல் மலை. மலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாகக் கூட்டம் நெரிந்தது. மொட்டைத் தலைகளில் பாதிக்குப் பாதி தமிழ்த் தலைகள்தான். சேலம் பக்கப் பேச்சு, தஞ்சாவூர்ப் பக்கப் பேச்சு எல்லாம் காதில் விழுந்தது. மலைமேல் இருக்கிறவருக்குத் தமிழ் புரிகிறது, கீழே இருக்கிற ஆபீசுக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இடுப்பில் நோயாளிக் குழந்தையோடு ஒருத்தி நின்றாள். அவள் மலையைப் பார்த்துக் கோவிந்தா என்று கத்தினாள். கும்பிடவில்லை, கத்தினாள். தொண்டை நரம்பு புடைத்தது. வெட்கம், கூச்சம் ஒன்றும் இல்லை. கொடுத்தே ஆக வேண்டும் என்பது போல இருந்தது அந்தக் குரல்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபமோ தலை குனிந்து, குரல் தாழ்த்தி, சித்தமானால் என்று முடிகிற ஜெபம். வேண்டாம் என்றால் பரவாயில்லை சாமி என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்பது. டீக்கடைக்குப் பின்னால், எச்சில் இலை கொட்டுகிற இடத்தில் போய் நின்று நானும் கத்தினேன். உமக்குக் காது இருக்கிறதா இல்லையா, நாங்கள் உமக்கு யார், வேண்டுமென்றால் வேண்டும் என்று சொல்லும், வேண்டாமென்றால் அதையாவது வாயைத் திறந்து சொல்லும் என்று கத்தினேன். இலை பொறுக்க வந்த கிழவர் ஒருவர் பயந்து ஒதுங்கினார். பதில் வரவில்லை. புத்தூர் பஸ் வந்தது, ஏறிவிட்டேன். ஆனால் ஒன்று: பீடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த நாளிலிருந்து நான் அவரோடு பேசியது அன்றைக்குத்தான். திட்டினாலும் பேச்சுதானே.

இன்ஸ்பெக்டர் ஒருநாள் காலையில் ஜீப்பில் வந்து இறங்கினார். நாங்கள் நினைத்த மாதிரி கொடுங்கோலன் இல்லை. தொப்பையும் வியர்வையுமாக ஒரு மனிதர், இறங்கியதும் தண்ணீர் கேட்டார். தெலுங்கு வகுப்பைப் பார்த்தார். தட்டியைச் சுற்றி வந்து என் வகுப்பைப் பார்த்தார். பிள்ளைகள் முன் வரிசையோடு முடிந்துவிட்டார்கள். பின்னால் வெறும் தரை. ஒரு பாஷைக்குத் தனி வகுப்பு வைக்க வேண்டுமென்றால் இத்தனை பிள்ளைகள் வேண்டும் என்று சட்டம், உங்களிடம் இரண்டு பிள்ளை குறைகிறது என்றார். நான் தெலுங்கிலேயே வாதாடினேன். எல்லை முடிவாகாமல் ஊர் கலைந்து கிடக்கிறது, முடிவானதும் பிள்ளைகள் வருவார்கள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கிளார்க்கைப் பார்த்து அதே இரண்டு வார்த்தையைச் சொன்னார். அவசரம் லேது. ஐயர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை அவருக்குப் புரிந்தது.

அப்போதுதான் வாசலில் பால்காரம்மா தெரிந்தாள். ஜீப் சத்தம் கேட்டுக் கறவையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறாள், கையில் சாணி காயவில்லை. யாரையும் பார்க்காமல் தெலுங்கு வகுப்புக்குள் நுழைந்தாள். தன் இரண்டு பெண்களையும் கையைப் பிடித்து எழுப்பினாள். தட்டியைச் சுற்றி அழைத்துவந்து, என் வகுப்பில், அந்த வெறும் தரையில் உட்கார வைத்தாள். பிறகு திரும்பி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"மாக்கு அவசரமய்யா" என்றாள்.

எங்களுக்கு வேண்டும் என்கிறாள். நீ தெலுங்குக்காரிதானே, உன் பிள்ளைகளுக்குத் தமிழ் எதற்கு என்று அவர் கேட்டார். அவள் கொஞ்சம் தெலுங்கும் கொஞ்சம் தமிழுமாகச் சொன்னாள். அவர் கேட்பதற்கும் நான் கேட்பதற்கும் சேர்த்துத்தான் அப்படிச் சொன்னாள் என்று இப்போது தோன்றுகிறது.

"என் பெனிமிட்டி செத்தப்ப ஊர்ல ஒருத்தனும் கிட்ட வர்ல. இவுங்க நைனாவும் தமிழ் வூட்டு ஆம்பளைங்களும்தான் தூக்கிக்கினு போனாங்க. பள்ளிக்கூடம் பூட்டா வீள்ளு பூடுவாங்க. ரேப்பு என்னை எவரு மோஸ்தாரு?"

புருஷனைத் தூக்கியவர்கள் போய்விட்டால் நாளைக்கு என்னை யார் தூக்குவார்கள் என்று கேட்கிறாள். இதில் அழகுபடுத்த ஒன்றும் இல்லை. எங்கள் தெருப் பிணத்தை ஊரார் தொடமாட்டார்கள். பெட்டிக்குத் தோள் கொடுக்க எங்களுக்கு நாங்கள்தான். தமிழ்த் தோள் போய்விட்டால் தெலுங்குப் பெட்டி தரையில் கிடக்கும். அவள் அதைத்தான் சொன்னாள். இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார், சாணிக் கையைப் பார்த்தார், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சரி, இந்த வருஷத்துக்கு இருக்கட்டும் என்று கிளார்க்கிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஐயர் அந்த இடத்திலேயே ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்தார். கொஞ்சம் பொறுங்கள், ஜீப் தெருவைத் தாண்டட்டும் என்றேன்.

மறுநாள் காலையில் பால் பாத்திரத்தை நானே கையில் வாங்கினேன். ஆந்திராவில் இருக்க வேண்டும் என்று ஜெபித்தவள்தானே நீ என்று கேட்டேன். ஆமாம், இப்போதும் அதற்குத்தான் ஜெபிக்கிறேன் என்றாள். "நீங்களும் எங்ககூட இங்கியே இருக்கணும்னு சேர்த்துதான் கேட்டேன். நீ பாதியிலியே காதைப் பொத்திக்கினே" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். கோபம் தீர்ந்து போகவில்லை, கோபத்தோடுதான் போனேன். ஆனால் வழியெல்லாம் ஒன்றே யோசனை. டீக்கடைக்குப் பின்னால் நான் கத்திக் கேட்ட கேள்விக்கு இதுதான் பதிலா? நாங்கள் உமக்கு யார், வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன். வேண்டும் என்று ஒருத்தி வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், அதுவும் நான் முகம் கொடுத்துப் பேசாதவள். என் இஷ்டப்படி பதில் சொல்லவில்லை என்பதற்காக அவர் பதிலே சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வேன்? விசுவாசம் எனக்கு வந்தது இப்படித்தான். மனம் குளிர்ந்து வரவில்லை. வாதத்தில் தோற்று வந்தது.

பிறகு எல்லையைத் தீர்மானித்தார்கள். திருத்தணி மதராஸ் பக்கம் போனது, நாங்கள் இங்கேயே நின்றோம். எங்கள் வரிசை ஜெபம் பலிக்கவில்லை. அவளுடைய ஜெபமும் பாதிதான் பலித்தது. தமிழ் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தணிக்குக் குடிபோயின. ஐயரையும் அந்தப் பக்கத்துச் சபைக்கு மாற்றினார்கள். என் நைனாவை இங்கே புதைத்திருந்ததால் நான் போகவில்லை. வகுப்பு இழுத்துக்கோ பறித்துக்கோ என்று சில வருஷம் நடந்து, ஒருநாள் நின்றது. நான் தட்டிக்கு அந்தப் பக்கம் போய்த் தெலுங்கு வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். இதற்கு நான் இன்றைக்கும் யாரையும் மன்னிக்கவில்லை. பெரிய மேஜைகளில் கோடு போட்டவர்கள் எங்கள் கோயிலில் இருந்த மூங்கில் தட்டி அளவுக்குக்கூட யோசித்துப் போடவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை பால்காரம்மா செத்துப்போனாள். பெண்கள் இருவரும் கல்யாணமாகித் தூரத்தில் இருந்தார்கள். தெருவில் எண்ணிப் பார்த்தால் கிழவர்களும் பெண்களும்தான். பெட்டி செய்து வைத்துவிட்டோம், தூக்க ஆள் இல்லை. சேற்றில் செம்மண் மேடு ஏறிக் கல்லறைக்குப் போக வேண்டும். அவள் அன்றைக்குக் கேட்ட கேள்வி என் தலைக்குள் இடித்துக்கொண்டே இருந்தது. குடையும் இல்லாமல் பெரிய சாலைக்கு ஓடினேன். திருத்தணிக்குப் போகிற முதல் பஸ்ஸை மறித்தேன். பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கிற எங்கள் தெருக்காரரிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும் என்றேன். என்ன சொல்லணும் என்று கண்டக்டர் கேட்டான்.

"பால்காரம்மா. அவசரம்னு சொல்லு" என்றேன்.

மத்தியானம் வந்தார்கள். வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்த சட்டையோடு, தறியிலிருந்து வந்தவர், வண்டியை விட்டு வந்தவர், நான் இனிமேல் இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று கோபித்துக்கொண்டு போனவர்கூட. காலையில் தோள் இல்லாமல் கிடந்த பெட்டிக்கு இப்போது நீ நான் என்று இடித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் பின்னால் ஐயர் இறங்கினார், ரொம்பத் தளர்ந்திருந்தார். வேட்டியை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எந்த அவசரம்மா சொல்லியனுப்பினே, தமிழா தெலுங்கா?"

"உங்களுக்கு எது புரிஞ்சுதோ அது" என்றேன்.

"ரெண்டும் புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குப் போனார். வேண்டாம் ஐயரே என்று எவ்வளவோ சொன்னார்கள். கேட்காமல் தோள் கொடுத்தார்.

கல்லறையில் பாட்டு ஒரே ராகத்தில் போனது, இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு. அன்றைக்கு நான் தெலுங்கு வார்த்தையில் பாடினேன். அவளுக்காக அந்தப் பக்கம் ஒரு குரல் குறையக் கூடாது.

இன்றைக்கும் நான் தலை குனிந்து, குரல் தாழ்த்தி ஜெபிப்பதில்லை. விலாவாரியாகவும் கேட்பதில்லை. அடுப்படியில் நின்றபடி ஒரே வார்த்தைதான் சொல்கிறேன்: அவசரம். எந்த பாஷையில் சொல்கிறாய் என்று அவர் இதுவரை கேட்டதில்லை.